19-3க்கு அப்புறம்: பேர்ஸ் அஃபென்ஸில் உண்மையில் உடைந்திருப்பது எது?

ஏ_கேப் | 11 நவம்பர் 2024

நேற்று அமெரிக்கக் கால்பந்து லீக்கில் (என்எஃப்எல்) நம் சிகாகோ பேர்ஸ், சொந்த மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் பேட்ரியட்ஸிடம் 19-3 என்று தோற்றது. நம் கூபி (குவார்ட்டர்பேக், பந்தை எறிபவர்) கேலப் வில்லியம்ஸ் 9 முறை சாக் ஆனார், அதாவது எறிவதற்குள் மடக்கி வீழ்த்தப்பட்டார். அஃபென்ஸ் (பந்தை முன்னே நகர்த்தும் பிரிவு) எடுத்தது மொத்தம் 142 யார்டு. 10 யார்டு நகர நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாம் டவுனில் 14க்கு 1தான் தேறியது. அதற்கு முந்தைய வாரம் அரிசோனாவில் நடந்ததையும் சேர்த்தால் தொடர்ந்து 23 டிரைவ் (பந்து நம் கையில் இருக்கும் ஒரு சுற்று), ஒரு டச்டவுன் இல்லை.

"வால்ட்ரனைத் தூக்கு", "கேலப் தேறமாட்டான்", "லைன் வெறும் ஓட்டை" என்று மூன்று இழை ஏற்கெனவே ஓடுகிறது. (வால்ட்ரன் நம் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், ஒவ்வொரு ப்ளேயையும் கூப்பிடுபவர். லைன் என்றால் கூபியைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்.) மூன்றிலும் ஆளுக்கொரு பக்கம் கயிறு இழுக்கிறார்கள். எந்த சாக் யார் கணக்கில் என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. இங்கே அதை மட்டும் பேசுவோம். திட்டுவதற்கு அந்த மூன்று இழை போதும்.

கணக்கு இது. 9 ஆட்டத்தில் 175 புள்ளி, ஆட்டத்துக்கு 19.4. இதிலும் டைட்டன்ஸை 24-17 என்று ஜெயித்த முதல் வாரத்தில் அஃபென்ஸின் டச்டவுன் பூஜ்யம். ஒன்று பிளாக் ஆன பண்ட் (எதிரணி பந்தை விட்டுக்கொடுத்து உதைப்பது), இன்னொன்று நம் டிஃபென்ஸின் டைரீக் ஸ்டீவன்சன் பிடித்துக்கொண்டு ஓடிய இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பறிப்பது). சாக் இதுவரை 38. அதில் 22 மூன்றே ஆட்டத்தில் வந்தவை: டெக்சன்ஸ் 7, கார்டினல்ஸ் 6, பேட்ரியட்ஸ் 9.

என் கணிப்பு: சாக் விழுவது மூன்றாம் டவுனில், விதை விழுவது முதல் டவுனில். மாதிரிக்கு ஒரு டிரைவ். ஷாட்கன் (கூபி லைனுக்குச் சில யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குவது), மூன்று ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்கள்) விரிந்து நிற்கிறார்கள், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஸ்விஃப்ட் நடுவில் ஓடி 1 யார்டு. அடுத்தது ஓரத்துக்கு ஒரு பாஸ், தவறிவிட்டது. இப்போது மூன்றாவது 9, அதாவது மூன்றாம் டவுன், இன்னும் 9 யார்டு வேண்டும். ரிசீவர் 10 யார்டு தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், அதற்கே 2.8 முதல் 3 விநாடி ஆகும். ரன் வராது என்பது எதிரணிக்கு நிச்சயம். எட்ஜில் (லைனின் ஓரத்தில்) நிற்கும் எதிரணி ஆள் பிளாக்கை யோசிக்கவே வேண்டாம், ஓட்டப்பந்தயத்துக்குக் குனிந்த மாதிரி குனிந்தால் போதும். இதே நிலைமையில் 14 முறை கொண்டுபோய் நிறுத்தினால் நல்ல லைன்கூடப் படுத்துவிடும்.

நாலாம்_டவுன் | 11 நவம்பர்

எல்லாம் சரி. ஆனா கேலப் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறதை மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்க.

ஷாட்கன்ல 3 ஸ்டெப் டிராப்புன்னா, பின்னங்கால் ஊனுற நேரத்துல முதல் ரீடுக்கு (முதல்ல பார்க்க வேண்டிய ரிசீவருக்கு) பந்து போகணும். இல்லைன்னா ஒரு சின்னக் குதி, ரெண்டாவது ரீட். இன்னொரு குதி, செக்டவுன் (பக்கத்துல இருக்கற ஆளுக்குச் சின்ன பாஸ்). அதுக்குள்ள 2.7 விநாடி ஆயிடும், கதை முடிஞ்சுது. இவரு அதுக்கப்புறமும் "யாராவது திறப்பாங்க"ன்னு நிக்கறாரு. யூஎஸ்சி காலேஜ்ல அது வேலை செஞ்சுது, 2022ல சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையே வாங்கிக் குடுத்துது. அங்க துரத்துனவனை இவரு ரெண்டு சுத்து சுத்தி ஏமாத்தலாம். இங்க துரத்தறவனுக்கும் அதே கால்.

இன்னொண்ணு, ஆழம். கூபி 7, 8 யார்டு பின்னால நிப்பாருன்னு நம்பித்தான் டேக்கிள் (லைன்ல ஓரத்துல நிக்கறவன்) தன் நிலையை எடுக்கறான். எட்ஜை வெளிப்பக்கமா சுத்த விட்டு, கூபிக்குப் பின்னால தள்ளிக் கொண்டுபோயிடறது அவன் வேலை. இவரு 8லேருந்து 11க்கு நழுவினா என்ன ஆகும்? தள்ளிவிட்ட ஆள் போற பாதையிலயே போய் நிக்கறாரு. டேக்கிள் தன் வேலையை ஒழுங்கா செஞ்சும் சாக். டிவி பார்க்கறவனுக்கு டேக்கிள் மேல கோவம். பின்னால போகாம முன்னால ஒரு அடி ஏறுங்க சாமி, உள்ள இடம் இருக்கு.

9ல குறைஞ்சது 3 கேலப் கணக்கு. நான் எழுதித் தர்றேன்.

லைன்_கோச்_மாதிரி | 11 நவம்பர்

3 என்பதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் 6க்கு வாருங்கள்.

நேற்று ஆடிய லைன் யார் என்று பாருங்கள். இடது டேக்கிள் பிராக்ஸ்டன் ஜோன்ஸ் இல்லை, வலது டேக்கிள் டார்னல் ரைட் இல்லை. இடத்தில் நின்றவர்கள் லாரி போரம், மேட் பிரையர். போதாததற்கு ஆட்டத்தின் நடுவே இடது கார்டு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) டெவன் ஜென்கின்ஸும் போனார். புதிய ஆள் பலவீனமானவன் என்பதை விடுங்கள், பக்கத்தில் நிற்பவனோடு அவன் பழகவில்லை. ஸ்டன்ட் (பாயும் இருவர் இடம் மாறி வருவது) வரும்போதுதான் இது தெரியும்.

டேக்கிள்-எண்ட் ஸ்டன்ட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் நேராக வராமல் வெளிப்பக்கமாகப் பாய்ந்து நம் டேக்கிளின் விலாவில் மோதுவான். வெளியே நின்ற எண்ட் ஒரு நொடி தாமதித்து, அவன் முதுகைச் சுற்றி உள்ளே வருவான். நம் கார்டும் டேக்கிளும் ஆளைக் கைமாற்ற வேண்டும். அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். டேக்கிள் 4 யார்டு பின்வாங்கி, கார்டு 2 யார்டில் நின்றால் நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு இடைவெளி. கார்டு தன் ஆளை விடுவதற்குள் சுற்றி வந்தவன் அந்தப் படிக்கட்டில் ஏறிவிடுவான். இல்லையென்றால் நம் ஆள்களே ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு விழுவார்கள்.

இதை ப்ளே-காலர் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. ஆனால் ஸ்டன்ட்டே போட முடியாத மாதிரி ஆட முடியும். ஸ்டன்ட் முழுதாகச் சுற்றி வர 2.5 விநாடியாவது வேண்டும். பந்து 2 விநாடியில் போய்விட்டால் சுற்றுபவன் காற்றைத்தான் பிடிப்பான். இரண்டு முறை அப்படி ஆனால் எதிரணியே அதை நிறுத்திவிடும்.

புதுரசிகன்77 | 11 நவம்பர்

ஒரு சந்தேகம். கமென்ட்டரியில் "ஹாட் இல்லை", "ஹாட் தவறிவிட்டார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஹாட் என்பது ஒரு ரூட்டா (ரிசீவர் ஓடும் பாதையா), ஆளா?

ஏ_கேப் | 11 நவம்பர்

ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முன்கூட்டியே பேசிவைத்த ரூட்.

லைனில் 5 பேர், தடுக்க நிற்கும் ரன்னிங் பேக் 1, ஆக 6 பேர். எதிரே 7 பேர் பாய்ந்தால் ஒருவனைத் தொட ஆள் இல்லை. அவன் கூபியின் பொறுப்பு. பொறுப்பு என்றால் அவன் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். 7 பேர் பாய்ந்தால் பின்னால் ஓர் இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு ஒரு ரிசீவர் மூன்றாவது அடியிலேயே தலையைத் திருப்ப வேண்டும். அதுதான் ஹாட்.

ஸ்னாப்புக்கு (பந்து கூபி கைக்கு வரும் கணத்துக்கு) முன்னால் இதற்கு மூன்று வேலை. ஒன்று, சென்டர் (லைனின் நடுவில் நின்று பந்தைக் கொடுப்பவர்) கோல்மன் ஷெல்டனும் கேலப்பும் "மைக்" யார் என்று ஒரே ஆளைக் காட்ட வேண்டும். அந்த ஆளிலிருந்துதான் யார் யாரைத் தடுப்பது என்ற எண்ணிக்கை தொடங்கும். இரண்டு, ஸ்லைடு (லைன் சேர்ந்து நகர்வது) எந்தப் பக்கம் என்பது. ஹாஃப்-ஸ்லைடு என்றால் ஒரு பக்கம் மூன்று பேர் இடத்தைக் காப்பார்கள், மறுபக்கம் இரண்டு பேர் ஆளைக் காப்பார்கள், மறுபக்கத்து லைன்பேக்கர் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ரன்னிங் பேக்குக்கு. மூன்று, ஹாட் இந்த எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும்.

நேற்றும் அரிசோனாவிலும் எனக்கு உறுத்தியது மூன்றாவது. ஆள் தனியாக வருகிறான், ஆனால் நான்கு ரிசீவரும் 12 யார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். திரும்பிப் பார்க்க ஒருவனும் இல்லை. அங்கே கூபி என்ன செய்வார்? அது கேலப் கணக்கு இல்லை, ப்ளேயை வரைந்தவர் கணக்கு.

ஸ்கார்பரோக்_கரடி | 11 நவம்பர்

ஏ_கேப் சொன்னது சரி, ஆனா பாதிதான். முதலாம் டவுனில ஓடுறது பிழையில்லை. எப்பிடி ஓடுறம் எண்டதுதான் பிழை.

ஷாட்கன்னில ஸ்விஃப்ட் கூபிக்குப் பக்கத்தில நிக்கிறார். பந்து வாங்கேக்க நிண்ட நிலையில இருந்து வெளிக்கிட வேணும். அண்டர் சென்டர் (கூபி சென்டருக்கு ஒட்டி நிண்டு பந்து வாங்கிறது) எண்டால் ஸ்விஃப்ட் 7 யார்டு பின்னுக்கு நிண்டு, பந்து கைக்கு வரேக்க மூண்டு அடி ஓடி முடிச்சிருப்பார். லைன் ஒரு நொடி பிடிச்சால் போதும். எங்கட லைனாலயும் ஒரு நொடி பிடிக்க ஏலும்.

அதைவிடப் பெரிய விசயம் ப்ளே-ஆக்ஷன், ஓடுறமாதிரி ஏமாத்திப்போட்டு பாஸ் எறியிறது. கூபி முதுகைக் காட்டிப் பந்தை ஒளிச்சுக்கொண்டு போகேக்க லைன்பேக்கர் ரெண்டு அடி முன்னுக்கு வருவான். அந்த ரெண்டு அடிக்குப் பின்னாலதான் எங்கட டைட் எண்ட் (லைனோட நிண்டு தடுக்கிறதும் பாஸ் பிடிக்கிறதும் செய்யிறவர்) கிமெட்டுக்கு 12 யார்டு கிடக்கு. எட்ஜில நிக்கிறவனும் "இது ரன்னோ?" எண்டு ஒரு கணம் யோசிப்பான். போரமுக்கும் பிரையருக்கும் அந்த ஒரு கணம் பொன். ஷாட்கன்னில செய்யிற பொய்க் கை நீட்டலுக்கு ஒருத்தனும் மயங்கிறேல்லை.

கிமெட், எவரெட் எண்டு ரெண்டு டைட் எண்டை வைச்சுக்கொண்டு ஏன் எந்நேரமும் மூண்டு ரிசீவர்? 12 பர்சனல் (ஒரு ரன்னிங் பேக், ரெண்டு டைட் எண்ட்) போட்டால் எதிரணி ஒரு கார்னரை (ரிசீவரைக் காக்கிற பின்வரிசை ஆளை) எடுத்துப்போட்டு ஒரு பாரமான லைன்பேக்கரைப் போட வேணும். பிறகு அந்த லைன்பேக்கர் எங்கட ரிசீவர் மூருக்குப் பின்னால ஓடட்டும் பாப்பம்.

சிப் செய்யிறதும் இதோட சேர்ந்ததுதான். டைட் எண்ட் போற வழியில எட்ஜ்காரன்ர தோளில ஒரு இடி குடுத்திட்டுப் போறது. அரை விநாடி மிச்சம். ஆனா இடிச்சிட்டுப் போறவர் பிந்தித்தான் ரூட்டுக்கு வருவார், அதால அவரை முதல் ரீடா வைக்க ஏலாது. ரெண்டு பக்கமும் சிப் எண்டால் வெளியில மூண்டு பேர்தான் உண்மையா ஓடுவினம். சும்மா கிடைக்கிற உதவி இல்லை எண்டு விளங்கவேணும்.

பனி_மைதானம் | 12 நவம்பர்

1 யார்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம்முடைய சிறப்பே அதுதானே.

மூன்றாவது வாரம், இண்டியானாபொலிஸ். நான்காவது டவுன், கோல் லைனுக்கு 1 யார்டு. கூப்பிட்டது ஓரத்தில் ஆப்ஷன் (கூபி ஓடிக்கொண்டே, தானே வைத்துக்கொள்வதா பக்கத்து ஆளிடம் எறிவதா என்று முடிவெடுப்பது). கேலப் இடப்பக்கம் ஓடி ஸ்விஃப்டுக்குப் பின்னால் எறிந்தார். விளைவு: 12 யார்டு நஷ்டம். 1 யார்டு வேண்டிய இடத்தில் பந்தைப் பின்னால் எறிந்து, ஓரமாகப் போய், 12 யார்டு இழந்தோம். ஆட்டம் 21-16 தோல்வி.

ஏன் அது மோசமான தேர்வு? ஆப்ஷனுக்கு அகலம் வேண்டும், எட்ஜில் நிற்பவன் குழம்ப வேண்டும். கோல் லைனில் பின்வரிசைக்காரன் காக்க வேண்டிய ஆழமே 10 யார்டு எண்ட்ஸோன்தான். எல்லாரும் முன்னால் வந்து நிற்பார்கள். எட்ஜ் கூபியைப் பார்த்துக்கொண்டால் போதும், பிட்ச் ஆளை அடிக்கப் பின்னாலிருந்து இருவர் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்து வாஷிங்டன், அக்டோபர் 27. நான்காம் குவார்ட்டர், மறுபடியும் 1 யார்டு. பந்தைக் கொடுத்தது டக் கிரேமரிடம். அவர் லைன்மேன். ஃபம்பிள், பந்து கைநழுவியது. ரன்னிங் பேக் பந்து வாங்கும்போது உள்பக்க முழங்கை மேலே, கீழ்க்கை வயிற்றுக்குக் கீழே, பந்து அந்தப் பைக்குள் விழும். ஆயிரம் முறை செய்து தசையில் ஊறிய வேலை. வாழ்நாள் பூராவும் எதிராளி மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியவருக்கு அந்தக் கை அமைப்பு எங்கிருந்து வரும்? கடைசியில் 18-15 தோல்வி, ஹெய்ல் மேரியால் (கடைசி நொடியில் எண்ட்ஸோனை நோக்கி எறியும் நீண்ட பாஸ்). எல்லாரும் ஹெய்ல் மேரியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த 1 யார்டு.

நாலாம்_டவுன் | 12 நவம்பர்

அப்போ செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் என்ன கணக்குன்னு யாராவது சொல்லுங்க. ராம்ஸுக்கு எதிரா 24, பேந்தர்ஸுக்கு 36, லண்டன்ல ஜாகுவார்ஸுக்கு 35. பேந்தர்ஸ் ஆட்டத்துல கேலப் 29க்கு 20, 304 யார்டு. லண்டன்ல 4 டச்டவுன் பாஸ். அதே வால்ட்ரன், அதே ப்ளேபுக்.

லைன்_கோச்_மாதிரி | 12 நவம்பர்

அதே ப்ளேபுக்தான், ஆனால் அப்போது இரண்டு டேக்கிளும் நின்றார்கள். முதல் டவுனில் 5, 6 யார்டு வந்தது. அதனால் மூன்றாவது 3 வந்தது. மூன்றாவது 3ல் ரன்னும் வரலாம், ஸ்லான்ட்டும் (குறுக்காக ஓடும் சின்ன ரூட்) வரலாம், ஆப்ஷனும் வரலாம், எட்ஜ் தயங்குவான். பேந்தர்ஸும் ஜாகுவார்ஸும் இந்த வருஷம் டிஃபென்ஸில் எந்த லட்சணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்ட்ரனின் திட்டம் எல்லாம் கூடி வந்தால் ஓடும். கூடிவராதபோது மாற்று வழி இல்லை. என் குறை அதுதான்.

ஏ_கேப் | 12 நவம்பர், மாலை

செய்தி வந்துவிட்டது. ஷேன் வால்ட்ரன் நீக்கம். பாஸிங் கேம் கோஆர்டினேட்டராக இருந்த தாமஸ் பிரவுன் இனி ப்ளே கூப்பிடுவார். 9 ஆட்டத்தில் முடிந்தது.

பிரவுன் யார் என்று தெரியாதவர்களுக்கு: ராம்ஸில் ஷான் மெக்வேயிடம் இருந்தவர், வால்ட்ரனும் அங்கிருந்து வந்தவர்தான். 2023ல் கரோலினாவில் பிரைஸ் யங்குக்கு கோஆர்டினேட்டர். அங்கே ஃபிராங்க் ரைக் சீசன் நடுவில் ப்ளே-காலிங்கை இவர் கையில் கொடுத்தார், மூன்று ஆட்டத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார், நவம்பர் 27ல் ரைக்கே வேலை இழந்ததும் மறுபடி இவரிடம் வந்தது. ஆகவே பாதி சீசனில் தீப்பிடித்த வீட்டுக்குள் போவது இவருக்குப் புதிதில்லை.

பனி_மைதானம் | 12 நவம்பர்

முந்தைய கூபிகளைப் பாருங்கள். டிரபிஸ்கிக்கு முதல் வருஷம் ஒரு கோஆர்டினேட்டர், இரண்டாம் வருஷம் புதுத் தலைமைக் கோச். ஃபீல்ட்ஸுக்கு முதல் வருஷம் நேகி, அடுத்து கெட்ஸி. கேலப்புக்கு முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே இரண்டாவது ஆள். நல்ல முன்னேற்றம்.

புதுரசிகன்77 | 13 நவம்பர்

ஞாயிறு பேக்கர்ஸ். நான்கு நாளில் என்னதான் மாற்ற முடியும்?

ஏ_கேப் | 13 நவம்பர்

ப்ளேபுக்கை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. பெயர்கள், எண்கள், புரொடெக்ஷன் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் 11 பேர் மறுபடி படிக்க வேண்டும். மாற்றக்கூடியது கால் ஷீட், அதாவது ஆட்டத்தன்று கூப்பிடும் ப்ளேகளின் தாள். 200 ப்ளே இருந்த தாளை 90க்குக் குறை. முதல் 15 ப்ளேயை முன்கூட்டியே எழுதி, புதன்கிழமையே கேலப் கையில் கொடு. வியாழன், வெள்ளி அதையே ஓட்டு. மூன்றாம் டவுனுக்குத் தனிப் பட்டியல்: 2-3, 4-6, 7க்கு மேல். ஒவ்வொரு கட்டத்திலும் கேலப்புக்குப் பிடித்த நாலு ப்ளே, அவரே தேர்ந்தெடுத்தது. பிடிக்காத ப்ளேயை கூபி தயங்கித்தான் எறிவார், அந்தத் தயக்கம் அரை விநாடி.

யாரும் கவனிக்காத ஒன்று கடிகாரம். ப்ளே கிளாக் (அடுத்த ஸ்னாப்புக்குள் இருக்கும் நேரம்) 40 விநாடி, கீழ்நோக்கி ஓடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோ 15 விநாடியில் நின்றுவிடும். ப்ளே 32ல் காதில் விழுந்தால் ஹடிலில் சொல்லி, 22க்கு லைனுக்கு வந்து, மைக்கைக் காட்டி, மோஷன் அனுப்பி, பின்வரிசை எப்படி நகர்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றலாம். அதுவரை கோச் காதில் இருக்கிறார். ப்ளே 22ல் விழுந்தால் லைனுக்கு வரும்போது 11. ரேடியோ போய்விட்டது, மைக்கைக் காட்ட நேரம் இல்லை, 3ல் ஸ்னாப். அந்த 3ஐ எதிரணியும் பலகையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். கேடன்ஸே (ஸ்னாப்புக்குக் கூபி கொடுக்கும் குரல்) தேவையில்லை, கடிகாரத்தைப் பார்த்தே பாய்வான். பாதி பிரஷர் அங்கேயே பிறந்துவிடுகிறது.

ஸ்கார்பரோக்_கரடி | 13 நவம்பர்

கேலப்பை ஓட விடவும் வேணும். தப்பி ஓடுறதைச் சொல்லேல்லை, வரைஞ்ச ஓட்டம். ஒரு ஆட்டத்துக்கு நாலு, அஞ்சு. எட்ஜ்காரனைத் தடுக்காமல் விட்டு, அவன் உள்ளுக்கு வந்தால் கூபி வெளியால போறது. ரெண்டு தரம் 8 யார்டு எடுத்தால் அவன் அடுத்த பாஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாயமாட்டான். லைனுக்கு ஒரு டேக்கிள் கூடக் கிடைச்ச மாதிரி. ஆனா சறுக்கப் பழகவேணும், தோளைக் குடுக்கிறேல்லை.

நாலாம்_டவுன் | 17 நவம்பர், இரவு

20-19, தோத்தாச்சு. கடைசி ஃபீல்டு கோல் பிளாக் ஆச்சு. எனக்கு எழுதவே தோணலை, யாராவது எழுதுங்க.

ஏ_கேப் | 18 நவம்பர்

எழுதுகிறேன். கேலப் 31க்கு 23, 231 யார்டு. 9 ஓட்டத்தில் 70 யார்டு. பந்து சீக்கிரம் போனது, பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நாம் பேசிய எதுவும் மந்திரம் இல்லை. ஓரத்துக்குக் குறும் பாஸ், ரன்னிங் பேக்குக்கு ஸ்க்ரீன் (தடுப்பாளர்களுக்குப் பின்னால் கொடுக்கும் குறும் பாஸ்), கூபி ஓட்டம். மூன்றாம் டவுன் தூரம் குறைந்ததும் அதே லைன் மனிதர்களாக மாறிவிட்டது.

கடைசி டிரைவ் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆரம்பமே இரண்டு சாக், மூன்றாவது 19. இரண்டு வாரம் முன்னால் என்றால் அங்கே ஆழமாக ஒரு குண்டு எறிந்து, நான்காவது 19 என்று முடிந்திருக்கும். இந்த முறை ரிசீவர் ஒடுன்ஸேவுக்கு 16 யார்டு. 19 வேண்டிய இடத்தில் 16 எடுத்தார்கள், ஏனென்றால் நான்காவதும் நம்முடையதுதான் என்று முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். நான்காவது 3, மறுபடி ஒடுன்ஸே, 21 யார்டு. அடுத்து ரிசீவர் கீனன் ஆலன் 12. பந்து பேக்கர்ஸ் 30ல். 19ஐ ஒரே அடியில் தேடாமல் 16, 3 என்று வெட்டியதுதான் இந்த சீசனின் நல்ல ப்ளே-காலிங். ஜெயித்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

பனி_மைதானம் | 18 நவம்பர்

அதன் பிறகு? ரன்னிங் பேக் ரோஷான் ஜான்சன் 2 யார்டு. 35 விநாடி பாக்கி, கையில் ஒரு டைம்-அவுட். தலைமைக் கோச் எபர்ஃப்ளஸ் கடிகாரத்தை 3 விநாடி வரை ஓடவிட்டு ஃபீல்டு கோல் உதைக்க கிக்கர் சாண்டோஸைக் கூப்பிட்டார். கோடு 28ல். எண்ட்ஸோன் 10, ஹோல்டர் உட்காரும் தூரம் 8, ஆக 46 யார்டு. பேக்கர்ஸின் கார்ல் புரூக்ஸ் கை பட்டது.

46க்கும் 38க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். தூரம் கூடக் கூட கிக்கர் பந்தைத் தாழ்வாக அடிக்க வேண்டும். தாழ்வாகக் கிளம்பும் பந்து லைனைத் தாண்டும்போது நடுவில் தள்ளிக்கொண்டு வந்தவனின் உயர்ந்த கைக்கு எட்டும். 8 யார்டு குறைத்தால் பந்து செங்குத்தாகக் கிளம்பலாம். கிக்கரின் கால் பலத்தைப் பற்றிய கேள்வி அல்ல இது, கிளம்பும் கோணத்தைப் பற்றியது.

லைன்_கோச்_மாதிரி | 18 நவம்பர்

எதிர்வாதத்தையும் வையுங்கள். இன்னொரு ப்ளே ஆடினால் ஃபம்பிள், ஹோல்டிங், சாக் மூன்றும் சாத்தியம். 38 சாக் வாங்கிய அணி அதே டிரைவில் இரண்டு வாங்கியிருக்கிறது. கோச் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயம் இருந்தால் நடுவில் ஓட விட்டு டைம்-அவுட் எடுத்திருக்கலாம், பாஸே வேண்டாம். 4 யார்டு வந்தாலும் லாபம். டைம்-அவுட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏ_கேப் | 19 நவம்பர்

அடுத்தது வைக்கிங்ஸ், அதாவது அவர்களின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பிரையன் ஃப்ளோரஸ். இதுவரை பேசிய எல்லாவற்றுக்கும் பரீட்சை அதுதான். அவர் லைனில் 6 பேரை நிறுத்துவார், அதில் இரண்டு லைன்பேக்கர் சென்டருக்கு இரு பக்கமும் ஏ-கேப்பில் (சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே). ஸ்னாப் ஆனதும் 6 பேரும் வரலாம், அல்லது ஓரத்தில் ஒருவன் வந்து நடுவில் நின்ற இருவரும் பின்னால் ஓடிவிடலாம். சென்டர் நடுவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே அவர் தடுக்க ஆளே இருக்காது. ஓரத்தில் ஒருவன் தனியாக. பாய்பவர் 4 பேர்தான், ஆனால் நம் 6 பேரில் 2 பேர் வேலையில்லாமல் நிற்பார்கள்.

பதில் இரண்டு. முழு ஸ்லைடு: 5 பேரும் ஒரே திசைக்கு நகர்ந்து அந்தப் பக்கத்து இடைவெளியைக் காக்க, எதிர்ப்பக்க எட்ஜ் ரன்னிங் பேக்குக்கு. நடுவில் ஓட்டை விழாது, ஆனால் ஸ்விஃப்ட் 260 பவுண்டு ஆளைத் தனியாகத் தடுக்க வேண்டும், அதனால் பந்து 2 விநாடியில் போயாக வேண்டும். இரண்டாவது, ஹார்ட் கவுண்ட் (ஸ்னாப் வருவதுபோல் குரலால் ஏமாற்றுவது). நம் மைதானம், கூட்டம் அடங்கியிருக்கும். குரலை ஒரு முறை ஏமாற்றி உயர்த்தினால் யார் துள்ளுகிறான், யார் பின்காலில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். 25 விநாடியில் லைனுக்கு வந்தால்தான் இதைச் செய்ய நேரம். கடிகாரத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

நாலாம்_டவுன் | 24 நவம்பர், இரவு

30-27, ஓவர்டைம். மறுபடியும் தோல்விதான், ஆனா கேலப் 47க்கு 32, 340 யார்டு, 2 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. ஃப்ளோரஸுக்கு எதிரா ஒரு ரூக்கி (முதல் வருஷ ஆள்). 11 புள்ளி பின்தங்கி, 22 விநாடிக்குள்ள டச்டவுன், 2 பாயின்ட், ஆன்சைடு கிக் (உதைச்ச பந்தை நாமளே திரும்பப் பிடிக்கறது), மூருக்கு 27 யார்டு, சாண்டோஸ் 48. "எழுதித் தர்றேன்"னு சொன்னேனே, அந்த 3ஐ இந்த ஆட்டத்துக்கு நான் எழுதலை. ஓவர்டைம்ல முதல் பந்து நமக்கு வந்தும் பண்ட் பண்ணதுக்கு வேற யாராவது கணக்கு எழுதுங்க.

ஸ்கார்பரோக்_கரடி | 25 நவம்பர்

வியாழன் டெட்ராய்ட், மூண்டு நாள்தான் இருக்கு. கூரை போட்ட மைதானம், கூட்டத்தின்ர இரைச்சலில கூபியின்ர குரல் கேளாது. ஹார்ட் கவுண்டை மறந்துபோடுங்கோ. அவையின்ர எட்ஜ்காரன் ஹட்சின்சன் கால் முறிஞ்சு வெளியில, ஆனா ஸடேரியஸ் ஸ்மித்தைக் கொண்டுவந்திட்டாங்கள்.

லைன்_கோச்_மாதிரி | 25 நவம்பர்

சைலன்ட் கவுண்ட்தான், குரல் இல்லாமல் சைகையால் ஸ்னாப் எடுப்பது. கார்டு தலையைத் திருப்பி கூபியைப் பார்ப்பார், கூபி காலைத் தூக்கி வைத்ததும் கார்டு சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை நிமிர்த்துவார், ஒரு துடிப்பு, ஸ்னாப். முதல் குவார்ட்டரில் எப்போதும் ஒரே துடிப்பு என்றால் இரண்டாம் குவார்ட்டரில் ஸ்மித் அதை எண்ணிக் கிளம்பிவிடுவார். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று மாற்ற வேண்டும். திங்கள், செவ்வாயில் உடம்பு தேறவே நேரம் போதாது, இதை எப்போது பழகுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேக்கிள் இருவரும் பந்தைப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். வலது டேக்கிளின் முதல் அடியைக் கவனியுங்கள், அது எட்ஜுக்குப் பிந்தியிருந்தால் துடிப்பு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.